ஃப்ரிட்ஜ் கதவின் வெள்ளை

கடைக்காரன் மகனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைச் சொன்னாலும், இது முதல் விலையா, கடைசி விலையா என்றுதான் காது கேட்கும். அமெரிக்காவில் யூட்டாவின் தெற்கு மூலையில், நவஹோப் பழங்குடிகளின் நிலம் தொடங்கும் இடத்தில் என் அப்பா வைத்த கடை. ஆட்டு ரோமமும் கம்பளமும் உள்ளே வரும். மாவும் காப்பித்தூளும் வெளியே போகும். நாங்கள் மார்மன் சபைக் கிறிஸ்தவர்கள். காப்பி குடிக்க மாட்டோம், விற்போம்.

எண்பத்தொன்றாம் வருடம் இலை உதிரும் காலத்தில், எங்கள் சபை வேதத்தின் புதுப் பதிப்பு பெட்டியில் வந்து இறங்கியது. முதல் ஆளாக வந்தவள் லியோனா எட்சிட்டி. நவஹோப் பெண், என் வயதுக்காரி, எங்கள் சபையில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பவள். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, தொப்பி, கையுறை. அவளை வேறு உடுப்பில் நான் பார்த்ததில்லை.

புதுசையும் தன் பழசையும் கல்லாவின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழசு, அடிக்கடி புரட்டிய ஒரு பக்கத்தில் தானாகவே திறந்துகொண்டது. இந்த மண்ணின் மக்களுடைய முன்னோர்கள் தேவனை விட்டு விலகிக் கறுத்துப்போனவர்கள், பிள்ளைகள் விசுவாசத்துக்குத் திரும்பினால் வெள்ளையாவார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்து வளர்ந்தோம். அந்த வாக்குறுதி இருந்த இடத்தில், புதுசில் 'வெள்ளை' இல்லை. 'தூய்மை' இருந்தது. மாறியது ஒரு சொல்.

"என்ன வியாபாரி, பழசைத் திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவியா?" என்றாள்.

"பிரிச்ச சரக்கு. எடுக்க மாட்டேன்."

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். அன்று கையுறையைக் கழற்றி, மணிக்கட்டை அந்த வரியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் எட்டு வயதில் ஞானஸ்நானம் வாங்கிப் பேருந்து ஏறியவள். எங்கள் சபை நவஹோப் பிள்ளைகளைப் பள்ளிக் காலம் முழுக்க வடக்கே வெள்ளைக் குடும்பங்களில் தங்க வைக்கும். கோடையில் வீட்டுக்கு அனுப்பும். லியோனாவை வாங்கிக்கொண்டவள் அஃப்டன் யார்ட்லி. நல்ல மனுஷி. அதில் சந்தேகமில்லை, அதுதான் கஷ்டம். வருஷம் தவறாமல் பிள்ளையைச் சமையலறை ஃப்ரிட்ஜ் கதவோடு நிற்க வைத்துப் படம் எடுப்பாள். மணிக்கட்டைக் கதவின் வெள்ளையோடு ஒட்டிவைக்கச் சொல்லுவாள். போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டு, வெளுத்திருக்கிறது என்று கண் கலங்குவாள். மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் சாப்பிடாமல் இருந்து, ஆலயத்தில் அவரவர் விசுவாசத்தைச் சாட்சி சொல்லும் நாள். ஒரு தடவை பிள்ளையை மேடைக்குக் கூட்டிப்போய், பாருங்கள் வாக்குறுதி பலிக்கிறது என்று சொன்னாளாம்.

பதினாலு வயதில் லியோனா கோடைக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆடு மேய்க்கிற வெயில், குளிர்காலம் முழுக்கச் சேர்த்த வெளுப்பைத் தின்றுவிடும் என்று பயம்.

மீதியை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு ஜூனிலும் அவளைப் பெற்றவள் மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து எங்கள் கடை வாசலில் நிற்பாள். ஆரஞ்சு சோடா ஒன்று வாங்குவாள். பேருந்து வரும், மற்ற பிள்ளைகள் இறங்குவார்கள். சோடா வெதுவெதுப்பாகும் வரை கையில் வைத்திருந்துவிட்டு, திறக்காமலே கல்லாவில் வைத்துவிட்டுப் போவாள். நாலு கோடை. அடுத்த குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தாள்.

நவஹோக்கள் செத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். புதைத்த இடத்துக்குப் போக மாட்டார்கள். மன்னிப்புக் கேட்க லியோனாவுக்கு ஓர் இடம்கூடக் கிடையாது. அதனால்தான் புதுப் பதிப்பைப் பார்த்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. யாராவது ஒருவர், தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், அம்மாவை விட்டது தன் கல்நெஞ்சால் அல்ல, நம்பியதால் என்றாவது ஆகும்.

முதலில் பிஷப்பிடம் போனாள். வாரநாளில் டிராக்டர் விற்பவர், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மேய்ப்பர். பொறுமையாகத்தான் கேட்டாராம். இது ரொம்பப் பழைய பதிப்பிலேயே இருந்த சொல், நடுவில் விட்டுப்போனது திரும்ப வந்திருக்கிறது, எதுவும் மாறவில்லை, மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்றாராம். எதுவும் மாறவில்லை என்றால் நான் ஏன் இன்னும் கறுப்பு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அஃப்டன் வந்திருந்தாள். எழுபது தாண்டிவிட்டாள், கைத்தடி. விரதம் முடிந்து சாப்பிட லியோனா தன் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டாள். ஏன் என்று புரிந்தது. பேரம் நடக்கும்போது ஒரு சாட்சி வேண்டும்.

மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. எல்லாம் ஆனபிறகு லியோனா கேட்டாள்.

"அம்மா, வெள்ளையாவேன்னு எனக்குச் சொன்னீங்களே. அது தப்புன்னு இப்ப உங்களுக்குத் தோணுதா?"

அஃப்டன் கரண்டியை வைத்தாள். "நான் எப்ப கண்ணு அப்படிச் சொன்னேன்? மனசு சுத்தமாகும்னு சொல்லியிருப்பேன். புதுப் புஸ்தகத்துலயும் அதானே இருக்கு?"

"ஃப்ரிட்ஜ் பக்கத்துல நிக்க வெச்சுப் படம் எடுத்தீங்களேம்மா."

"நீ எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கேன்னு பாக்கத்தான்."

"கையை ஒட்டி வைக்கச் சொன்னீங்க."

கிழவி பதில் தேடினாள். தேடியதை நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, கடையை மூடிவிட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தவள் முகம் அது. பிறகு அழத் தொடங்கினாள்.

"என் சொந்தப் பிள்ளைகளைவிட உனக்குத்தான் பார்த்துப் பார்த்து செஞ்சேன். உனக்குக் கெடுதல் பண்ணினேன்னு சொல்றியா, லியோனா?"

எனக்கு இந்த இடம் தெரியும். இங்கேதான் பொறுக்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் எதிராளி இறங்கி வருவான். நான் லியோனாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே அம்மா எதிரே அழுதுகொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள். "நான்தான் சின்னப் பிள்ளையில தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல."

அஃப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே தெளிந்தும் விட்டாள். கைப்பையிலிருந்து கேமராவை எடுத்து என்னிடம் நீட்டி, எங்கள் இரண்டு பேரையும் ஒரு படம் எடுப்பா, இனி எப்போ வரப்போகிறேன் என்றாள். ஜன்னல் பக்கம் வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும் என்று தானே இடம் தேடி, ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

லியோனா பக்கத்தில் வந்து நின்றாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவளாகவே வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டி, மணிக்கட்டைக் கதவோடு ஒட்டி வைத்தாள்.