பேசாத சீவல்

ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சீவல்காரி மூன்றாம் மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். மூளையை மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவும் வேலை, அதனால் அந்தப் பெயர். மின்சாரம் போய் கீழே ஃப்ரீசர் படுத்துவிட்டது. நுண்ணோக்கி இருக்கும் மேல்மாடிக்கு மட்டும்தான் ஜெனரேட்டர். பெட்டியிலிருந்த மனித மூளைச் சீவல் இளகிவிட்டால், எலியிலிருந்து குதிரைவரை மூளை இணைப்புகளை ஒப்பிட்டு முடித்த ஆய்வில் மனிதனுக்குரிய இடம் காலியாகவே நின்றுவிடும். வேறு சீவல் கிடையாது.

அந்த ஆய்வுக்கூடத்தில் எந்தச் சீவலும் நுண்ணோக்கியின் அடியில் போனதும் தன் குணத்தைக் காட்டும் என்பது தபால்காரருக்குக்கூடத் தெரியும். வௌவாலுடையதை வைத்தபோது பேனாக்கள் கூரையில் தலைகீழாகத் தொங்கின. பூனையுடையதற்கு நாற்காலிகள் யாரையும் உட்காரவிடவில்லை. பசுவுடையதற்கு மேசை சாயங்காலம்வரை அசைபோட்டது. குணம் காட்டினால்தான் இணைப்புகள் ஒளிவிடும், எண்ண முடியும். மனிதச் சீவல் மட்டும் மாதக்கணக்காக மண்ணாந்தைபோல் கிடந்தது. சீவியவர் நுண்ணோக்கி அறைக்குள் வரக்கூடாது, எது எதனுடையது என்று அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அங்கே சட்டம். மிச்சமிருப்பது மனிதன்தான் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் சட்டம் சட்டமாகவே இருந்தது. இன்று வாசலில் பெட்டியை வாங்க ஆளில்லை. சீவல்காரி உள்ளேயே நுழைந்துவிட்டாள்.

“அது பேசாதும்மா, விட்டுடு” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

“ஒரே ஒரு தடவை சார்.”

கண்ணாடித் தகடு அடியில் போனதுதான் தாமதம், தலைவரின் சட்டைப் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டிக்கொண்டன. ஆறிப்போன டீ கொதித்தது. ஓடி வந்ததில் அவிழ்ந்திருந்த சீவல்காரியின் தலைமுடி வலிக்க வலிக்க இறுகப் பின்னிக்கொண்டது. இணைப்புகள் ஒவ்வொன்றாக ஒளிவிட்டன. ஒரு நரம்பின் சேதி இன்னொன்றைப் போய்ச் சேர எலிக்கு எத்தனை தாவலோ, மனிதருக்கும் ஏறக்குறைய அத்தனைதான். அதையும் டீயையும் தலைவர் ஒரே பத்தியில் எழுதினார். பிற்பாடு சட்டம் திருத்தப்பட்டு, சீவியவருக்கும் அந்த அறையில் நாற்காலி வந்தது.

அன்று தலைவர் கேட்டது ஒன்றுதான்: “யாரும்மா இது?”

அதுவரை அவள் இதைப்பற்றி யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. சொந்தம் என்று தெரிந்தால் கத்தியைப் பிடுங்கியிருப்பார்கள். பின்னலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“என் மூத்த நாத்தனார் சார். நான் வேலைக்கு வரணும்னு என் பொண்ண அவங்கதான் வளர்த்தாங்க. உடம்பை ஆராய்ச்சிக்கு எழுதிக் குடுத்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. ‘வேற எவளாச்சும் கோணலா சீவிடுவா. நீயே சீவுடி’ன்னு.”