பின்சக்கரத்தில் மட்டும்

வெள்ளிக்கிழமை, ஆற்றுச் சரிவில் வண்டி வழுக்கியது. ஷெல்பி பிரேக்கை மிதிக்கவில்லை. கியரைக் குறைத்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அத்தனை பெரிய டிரக் பனிக்கட்டி மேல் பக்கவாட்டாக நகர்ந்துபோய், ஓரத்தில் குவிந்திருந்த பனியில் முட்டி நின்றது. பக்கத்து இருக்கையில் அவள் அம்மா வெர்னா, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திங்கள், புதன், வெள்ளி. போக நூற்றுப்பத்து கிலோமீட்டர், வர நூற்றுப்பத்து. ஒரு முறை விட்டுப்போனாலும் அம்மாவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். அடுத்த திங்களுக்குள் பனிக்கான சக்கரம் மாட்டியாக வேண்டும்.

வண்டி அவள் தம்பி டைரலுடையது. மார்ச்சில் மரம் வெட்டும் முகாமில் சாய்ந்த மரம் மேலே விழுந்து இறந்துபோனான். இருந்தவரை சம்பளத்தையெல்லாம் இந்த டிரக்கில்தான் போட்டான். ஆறு அங்குலம் உயர்த்தினான். வெளியே துருத்தி நிற்கும் அகல ரிம், அதில் சேற்றுக்கான தடித்த டயர். சேற்றில் அது எங்கேயும் போகும், பனிக்கட்டியில் மிதக்கும். குளிர்காலத்தில் அவனை முகாம் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்பதால் பனி டயர் அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் இந்தக் கோடையில்தான்.

புது ரிம், புது டயர் என்று விசாரித்ததில் ஷெல்பியின் இரண்டு மாதச் சம்பளம் போகும் என்று தெரிந்தது. பழசில் தேடினாள். எண்பது கிலோமீட்டர் தள்ளி லார்ன் என்பவர், இதே மாதிரி டிரக்கை விற்றுவிட்டு அதன் இரும்பு ரிம்களையும் பனி டயர்களையும் ஐந்நூறு டாலருக்கு விளம்பரம் போட்டிருந்தார். கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்: போல்ட் எட்டு. போல்ட்டுகளுக்கு இடைவெளி. நடுத்துளை. டயரின் வருடம். மாட்டிப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை காலை லார்னின் முற்றத்தில் ஒவ்வொன்றாக அளந்து தாளில் குறியிட்டாள். லார்ன் கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கிறியா, சக்கரம் வாங்கறியா?"

"ஒண்ணு மாட்டிப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. ஒரு தடவ வித்தா திருப்பி வாங்கமாட்டேன், அதையும் எழுதிக்கோ."

பின்பக்கம் ஜாக்கி வைக்கத் தோதாக இருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றி, இரும்பு ரிம்மை மாட்டிச் சுற்றிவிட்டாள். தடையில்லாமல் சுழன்றது. முன்பக்கமும் பார்த்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பனி விழ ஆரம்பித்திருந்தது. லார்ன் இன்னொரு தடவை கிண்டல் பண்ணுவாரே என்று கூச்சமாக இருந்தது. காசைக் கொடுத்தாள்.

முதல் பனி விழுந்த வாரம் என்பதால் ஓரெஸ்ட்டின் டயர் கடையில் ஊரே நின்றது. ஐம்பது வயதுக்காரர் ஓரெஸ்ட், காதில் பென்சிலோடு கத்திக்கொண்டிருந்தார்: "இந்த ஊர்ல இதுக்கு முன்னாடி பனியே பெஞ்சதில்ல பாரு! எல்லாரும் இன்னைக்கேதான் வருவீங்க!"

சாயங்காலம்தான் ஷெல்பியின் முறை வந்தது. நான்கு சக்கரமும் மாட்டியாயிற்று. ஓரெஸ்ட் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். பாதியிலேயே இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வலது. அதே சத்தம்.

இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "மாட்டிப் பாத்துத்தான வாங்கின?"

"பாத்தேன்."

"எந்தச் சக்கரத்துல?"

ஷெல்பி பின்சக்கரத்தைக் காட்டினாள்.

"பின்னாடி மாட்டினா மாட்டுவண்டிச் சக்கரம்கூடச் சுத்தும், பொண்ணே. திரும்பறது முன்சக்கரம்தான? உன் தம்பி உசத்தும்போது முன்னாடி பாகமெல்லாம் மாத்திட்டான். அதுக்கு வெளிய துருத்தற ரிம் வேணும். இது கம்பெனி ரிம், உள்ள தள்ளி நிக்கும். போய் ஸ்டீயரிங் தண்டுல இடிக்குது."

"நடுவுல வளையம் வச்சுத் தள்ளலாம்னு சொல்றாங்களே?"

"மலிவு வளையத்த வச்சு, அந்தச் சரிவுல, உங்கம்மாவ உக்கார வச்சு ஓட்டுவியா? நான் மாட்டமாட்டேன். வேற கடைக்குப் போ."

அவளுக்குக் கண் கலங்கியது. மற்றவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். ஓரெஸ்ட் குரலைத் தணித்தார்.

"டைரல் எதையும் வெட்டல. எல்லாம் போல்ட் வேலை. பழைய ஸ்பிரிங்கெல்லாம் வச்சிருக்கானா?"

"ஷெட்ல ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கு. துணி சுத்தி வச்சிருக்கான்."

"அப்ப வண்டியப் பழையபடி இறக்கிடலாம். இறக்கிட்டா இதே ரிம் கச்சிதமா உக்காரும். நாளைக்குக் கடை லீவு. கோயில் முடிஞ்சு வந்து ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள முடிப்பேன். கூலிக்கு அந்த அகல ரிம் நாலையும் எடுத்துக்கறேன். அம்மாவக் கேட்டுட்டு வா."

பழைய சக்கரங்களையே திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஊர்ந்து வந்தாள். அம்மா சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஷெல்பி முழுவதையும் சொன்னாள், பின்சக்கரத்தில் மட்டும் பார்த்த முட்டாள்தனம் உட்பட.

"இறக்கறதா?" அம்மா கரண்டியை வைத்தாள். "அது அவன் கையால வச்ச உசரம். யாரும் தொடக்கூடாது."

"அம்மா, வெள்ளிக்கிழமை நாம—"

"நானும்தான் உள்ள இருந்தேன். எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் ஷெல்பி கேட்கவில்லை. கேட்க அவளுக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. தாளில் முன்சக்கரம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காதே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்தாள். ஆனால் எழுதியிருந்தால் மட்டும் என்ன? வேறு சக்கரம் வாங்கக் காசுக்கு எங்கே போவது? எது தன் தவறு, எது காசில்லாததால் வந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, முற்றத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். அம்மா தனியாக டிரக்கின் பக்கத்தில் நின்றாள். பால் கிரேட்டைப் படியாகக் கவிழ்த்துப்போட்டிருந்தாள். அதன் மேல் ஏறி, கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். கால் தூக்க வரவில்லை. இறங்கினாள். மறுபடி ஏறினாள். கிரேட் பனியில் சறுக்கியது. கதவைப் பிடித்துத் தொங்கி, மெல்ல நிலத்தில் கால் ஊன்றினாள்.

ஷெல்பி செருப்போடு வெளியே ஓடினாள். "என்னைக் கூப்பிடக்கூடாதா? நான் தூக்கிவிடமாட்டனா?"

"நீ தூக்கிவிட்டா என் விலா வலிக்குது." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அவன் தூக்கினா தெரியவே தெரியாது. ஒரு கையால தூக்கி உள்ள வச்சிட்டுப் போயிருவான்."

அவள் அந்த அகல ரிம்மின் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றைக் கையுறையால் தேய்த்தாள். உதிரவில்லை.

"தூக்கிவிட எப்பவும் தான் இருப்போம்னு நினைச்சுத்தான் இவ்வளவு உசரம் வச்சான்," என்றாள். பிறகு, "ஓரெஸ்ட்டுக்குப் போன் பண்ணு. இந்தச் சேத்தக் கழுவாமக் குடுத்துராத. மானம் போகும்."

இருவரும் வெந்நீர் கொண்டுவந்து, நான்கு சக்கரத்தையும் கழுவினார்கள். மார்ச்சிலிருந்து ஒட்டியிருந்த சேறு பனியில் பழுப்பாக ஓடியது.

அன்று ராத்திரி வண்டி வீடு திரும்பியபோது அது வேறு யாருடையதோ போலிருந்தது. சாதாரண டிரக். ஊரில் இருபது பேர் வைத்திருப்பது.

திங்கள் காலை ஷெல்பி பழக்கத்தில் கிரேட்டை எடுத்து வந்தாள். அம்மா அதைப் பார்க்காமல், கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகு, "தரையில உக்காந்த மாதிரி இருக்கு," என்றாள்.

சக்கரம் மாற்றி எண்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். ஓரெஸ்ட் அதற்கான ஸ்பேனரை இரவல் கொடுத்திருந்தார். சரியான இறுக்கம் வந்ததும் அது டக்கென்று ஒலிக்கும். எண்பதாவது கிலோமீட்டர் ஆற்றுச் சரிவின் தலைப்பில், லாரிகள் ஒதுங்கும் இடத்தில் வந்தது. ஷெல்பி இறங்கினாள். முன்சக்கரத்திலிருந்து தொடங்கினாள். எட்டு டக். அடுத்தது எட்டு. பின்னால் இரண்டும். பிறகு நம்பிக்கையில்லாமல் முன்சக்கரத்துக்கே திரும்பி வந்து மறுபடி பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுடி," அம்மா கண்ணாடியை இறக்கினாள். "முப்பத்திரண்டு எண்ணிட்டேன். ஏறு."

சரிவு வெள்ளையாக ஆற்றுப்பாலம் வரை இறங்கியது. ஷெல்பி கியரைக் குறைத்து வண்டியை மெல்ல விட்டாள். டயர்கள் பனியைக் கடித்துப் போகும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. வெள்ளிக்கிழமை முட்டிய பனிக்குவியலில் அவர்கள் வண்டியின் பள்ளம் இன்னும் இருந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள். கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் ஏறியபின் இன்னொன்றையும் எடுத்தாள்.