வனராணியின் நிபந்தனை

பல்செட்டுக்கு ஈறு செய்யும் இளஞ்சிவப்பு மெழுகில்தான் அவன் வனராணியைச் செதுக்கினான். சுண்டுவிரல் உயரம். டாக்டர்கள் அனுப்பிய வாய் அச்சுகள் மேஜையில் காத்துக்கிடக்க, யாரோ ஒரு பெரியவரின் கீழ்வரிசைப் பல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு ராணிக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தான். ஞாயிறு மதியங்களில் அந்தப் பல்செட்டு லேபில் நடக்கும் ஆட்டத்துக்கு அவன்தான் கதை நடத்துபவன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். காடு, மழை, எதிரி எல்லாம் இவன் சொல்வது. செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கூட்டத்தில் அவனுக்குப் பெயர் பல்லு.

இந்த வாரம் இந்த ராணியை வைத்து ஒருவரைக் கழற்றிவிட வேண்டும். அந்த ஒருவர் அவனுடைய அத்தான்.

அக்கா உயிரோடு இருந்தவரை அந்த மேஜையில் அவள்தான் வில்லாளி. அவள் போன பிறகு ஒருநாள் அத்தான் வந்து நின்றார். "அவ எடத்துல நான் ஆடறேனே மாப்ள" என்றார். யார் மாட்டேன் என்பார்கள்? ஆனால் இரக்கத்துக்கும் ஒரு கெடு உண்டு. அவர் முறை வந்தால் பகடையை உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, "அவளா இருந்தா இங்க என்ன பண்ணியிருப்பா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். பிறகு அவள் ஒருமுறை பால்காரனோடு சண்டை போட்ட கதை வரும். அரக்கர்கள் கத்தியை ஓங்கியபடி காத்திருப்பார்கள். கூட ஆடும் கண்ணாடிக்கடைக்காரி விட்டத்தைப் பார்ப்பாள். பஸ் டிப்போ மெக்கானிக்கான நெட்டை போன வாரம் வாசலில் வைத்துச் சொல்லியேவிட்டான். "வாரா வாரம் துக்கம் விசாரிக்க என்னால வர முடியாதுடா. ஒண்ணு அவரு, இல்ல நானு."

அக்கா புருஷனிடம் மூஞ்சிக்கு நேராகச் சொல்லப் பல்லுவுக்கு வாயில்லை. அதனால்தான் ராணிக்கு வாய் செதுக்கினான்.

ஆட்டப் புத்தகத்தில் ஃபே என்று ஒரு மாயக்கூட்டம் வரும். சாமியும் இல்லை, பேயும் இல்லை. பொய் சொல்லாது, அடித்துப் பிடுங்காது. உனக்கு எது வேண்டுமோ அதையே நீட்டும், நீயாகப் போய் மாட்டிக்கொள்வாய். பல்லு அதைப் பிடித்துக்கொண்டு, வனராணியை அந்தக் கூட்டத்துக்குத் தலைவியாக்கினான். பகடையே கிடையாது, காட்டிலேயே தங்குகிறேன் என்று அவரே சம்மதித்துச் சொல்ல வேண்டும் என்று வைத்தான். மேஜையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். ஒரே ஓட்டைதான் மிச்சம். வில்லாளி காட்டிலேயே தங்கிவிட்டாலும், அத்தான் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து பால்காரன் கதையை ஆரம்பிக்கலாம். அதற்கும் ஒரு நிபந்தனை எழுதி அடைத்தான். பிறகு பாலிஷ் மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அக்காவின் குரலைப் பேசிப் பழகினான். சின்ன வயதில் அவளைக் கேலி செய்து செய்து அவனுக்கு நன்றாக வரும்.

ஞாயிறன்று ராணியை மேஜை நடுவில் வைத்தான். மரங்கள் விலகின, பாட்டு கேட்டது, மற்றவர்களுக்கு வழி விட்டாயிற்று. ராணி வில்லாளியை மட்டும் நிறுத்தினாள். "இந்தக் காட்டில் உனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள்" என்றாள். பல்லு மூச்சை இழுத்துக்கொண்டு குரலை மாற்றினான்.

"என்ன சார், இவ்வளவு லேட்டு?"

அக்கா தன் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். கண்ணாடிக்கடைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தானின் கையிலிருந்த பகடை உருண்டு தரையில் விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"இங்கேயே தங்கிவிடு. அவள் உன் பக்கத்திலேயே இருப்பாள்" என்றாள் ராணி. "ஆனால் மனிதர் யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அவள் போய்விடுவாள்."

அத்தானுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்காகவே யோசிச்சு எழுதினியா மாப்ள?"

"ஆமா அத்தான். உங்களுக்காகத்தான்."

"இருக்கேன். அவ கூடவே இருக்கேன்."

எழுந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து அழுத்திவிட்டு, சிரித்த முகமாகப் படியிறங்கிப் போனார். அன்றைக்கு ஆட்டம் பறந்தது. நெட்டை முதுகில் தட்டினான். "வலிக்காம புடுங்கிட்டியேடா!" பல்லுவுக்குப் பெருமைதான். அதை மறைக்கவும் இல்லை.

அத்தான் ஒரு ஆஸ்பத்திரியின் விசாரணை கவுண்டரில் வேலை பார்த்தார். அந்த வாரக் கடைசியில் அவர் மகள் போன் செய்தாள்.

"மாமா, அப்பா பேசவே மாட்டேங்கறாரு. தொண்டையில ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கவுண்டர்ல யாரு என்ன கேட்டாலும் கையாலயே காட்டறாராம். மெமோ குடுத்துட்டாங்க, இப்படியே இருந்தா வேலை போயிடும். ஆனா சந்தோஷமா இருக்காரு மாமா. அதான் எனக்கு பயமா இருக்கு."

 பல்லு சாயங்காலமே கிளம்பினான். வழியெல்லாம் ஒரு வசனம் ஒத்திகை பார்த்தான். ராணி மனமிரங்கிவிட்டாள், அவள் உன்னோடே இருக்கட்டும், நீ தாராளமாகப் பேசு. ஒரு வரி, அவ்வளவுதான். மாடிப்படி பாதி ஏறும்போதுதான் அடுத்த ஞாயிறு கண்முன் வந்தது. அத்தான் வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவ இன்னைக்கு என்ன சொல்றா மாப்ள என்பார். இவன் சொல்ல வேண்டும். அதற்கடுத்த ஞாயிறும் சொல்ல வேண்டும். இருக்கிற காலமெல்லாம் அக்காவாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நெட்டை போய்விடுவான், கண்ணாடிக்கடைக்காரியும் போய்விடுவாள். அப்படியே படியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஏறினான்.

அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உதட்டில் விரலை வைத்துக் காட்டி, பக்கத்து நாற்காலியில் இவன் உட்காரப் போனபோது அவசரமாகக் கையை நீட்டித் தடுத்து, எதிரே இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

பல்லு உட்காரவில்லை. நின்றபடியே ராணியின் குரலில் சொன்னான். "வாக்கு முறிந்தது. அவள் போய்விட்டாள்."

அத்தான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். வாய் திறந்தது, முதலில் காற்றுதான் வந்தது.

"நான் பேசலையே மாப்ள."

பல்லு சுவரைப் பார்த்தான்.

"ஒரு வார்த்தை பேசலையே. தூக்கத்துல ஏதாவது உளறிடுவேனோன்னு வாயில துணியைக் கட்டிக்கிட்டுத்தானே படுத்தேன். எப்ப பேசினேன்? என்ன பேசினேன், சொல்லு?"

உள்ளே பாத்திரம் ஏதோ கீழே விழும் சத்தம். மகள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அப்பா பேசிட்டாரு! மாமா, அப்பா பேசிட்டாரு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள், ஒரு கையை நீட்டி மாமாவின் கையையும் பிடித்து இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக அத்தானின் முகம் தெரிந்தது. அவர் உதடு ஒவ்வொரு நாளாக முணுமுணுத்து, எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டிருந்தது.