ஒரு முழ ஆழத்தில் கச்சான் விதை

1

இந்தக் கதை ஒரு சிற்றுண்டிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கிண்ணியாவில் நடந்த கச்சான், அதாவது நிலக்கடலை, விதைப்பு விழாவில் மூன்றாம் வரிசையிலிருந்து பெட்டிஸ் தின்றேன். தின்ற வாயிடம் விழா மலருக்கு ஒரு கதை கேட்டுவிட்டார்கள். முதல் வசனம்: "திருகோணமலைத் துறைமுகத்தின் நீலம்…"

(வேண்டாம். அந்த நீலத்தை எழுதி எழுதி எல்லோரும் வெளுக்க வைத்துவிட்டார்கள்.)

2

பிரதம விருந்தினர் கலாநிதி தம்பிராசா, திருகோணமலை ஓர்ஸ் ஹில் விவசாய அலுவலகத்திலிருந்து வந்தவர். கச்சான் விதை தனக்குள்ளிருக்கும் கொழுப்பைச் சர்க்கரையாக்கி, இலை வெளிச்சத்தைக் காணும்வரை அந்தச் சக்தியிலேயே வளர்கிறது என்றார். இதைச் சொல்ல அவருக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. சொன்னது உண்மைதான்.

பிறகு நட்டார். வாழ்நாளில் அவர் நட்டதெல்லாம் அடிக்கல். விழாக் குழுவும் அடிக்கல்லுக்கு வெட்டுவதுபோலவே வெட்டி வைத்திருந்தது: பிரமுகருக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு முழ ஆழம். (கச்சானுக்கு இரண்டு விரல் போதும்.) காணிக்காரி பஹ்மியா இந்தப் போகத்துக்கென்று வைத்திருந்த விதைக் கச்சான் முழுவதும் அந்தக் குழிகளுக்குள் போயிற்று. மண் மூடி, மேசன் கரண்டியால் தட்டி, கைதட்டினார்கள்.

3

இங்கே பஹ்மியா என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். தோட்டக்காரி ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டா நிற்பாள்? அவளிடமே கேட்டேன்.

"பொன்னாடை போட்ட மனிசனிட்ட, கொஞ்சம் மேல போடுங்க சேர் எண்டு எப்படிச் செல்ற?"

சந்தேகம் தீர்ந்தது. பயம் தொடங்கியது. விழா முடிந்து நாட்களாகின்றன; மழை பெய்தும் நிலத்தில் ஒரு பச்சை இல்லை. பஹ்மியா மண்வெட்டியோடு நிற்கிறாள். பக்கத்தில் அவள் புருஷன் றுவைஸ்.

"இஞ்ச பாருங்க, தோண்டி மேல நடட்டா?"

"விசரா புள்ள? முளை வந்திருந்தா முறிஞ்சிரும். அவர்ட பேர்ப்பலகை வேற நிக்கிது."

"பலகைதான் முளைச்சிருக்கு."

"விதைக்குள்ள கொழுப்பு இருக்காமே, அவர்தானே சென்னார்."

"அது எவ்வளவு தூரத்துக்குக் காணும் எண்டு சென்னாரா?"

றுவைஸ் பலகையைப் பார்த்தான். அதில் கலாநிதியின் பேரும் பட்டமும்தான் இருந்தன.

4

மலருக்கு ஏற்ற முடிவு: பசுமை, புன்னகை, படம். (படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியாயிற்று.)

மற்ற முடிவு: வெளிச்சத்துக்கு இன்னும் ஒரு விரல் தூரம் இருக்கையில், வெள்ளை முளை இருட்டுக்குள்ளே

இதை என்னால் எழுதி முடிக்க ஏலாது. பஹ்மியாவுக்கு வேறு விதை இல்லை.

மண்வெட்டியை நீங்கள் பிடியுங்கள். வெட்டினால் முளை முறியலாம். காத்திருந்தால் கொழுப்பு தீரலாம். ஆறுதலாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நீங்கள் இந்த வரியை வாசிக்கும் நேரமும் கீழே அந்தக் கொழுப்பிலிருந்துதான் செலவாகிறது.