வளையல் அணிந்த வேற்றுக்கிரகவாசி

பெரியோர்களே, தாய்மார்களே, கையிலிருக்கும் பானத்தைக் கீழே வைத்துவிட்டு இப்படி வாருங்கள். பிடோக் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளம் இது. நடுவே சவப்பெட்டி. அதன் தலைமாட்டில், கணவனைப் பறிகொடுத்த ஒருத்தியின் மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறார்கள் மூன்று பெண்கள். சிவப்பு நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் படித்த கூட்டமோ கைப்பேசிக்குள் முகம் புதைத்திருக்கிறது. பட்டப்பகலில் நடக்கும் இந்த அநியாயத்துக்கு நீங்களும் சாட்சியாக நில்லுங்கள்.

"கைய நீட்டு பஞ்சு. ஹெர்ஸ் வண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடணும்" என்றாள் மங்களம். பெட்டிக்குள் கிடக்கும் அழகர்சாமியின் மூத்த சகோதரி. காலடியில் பித்தளைத் தாம்பாளம், அதில் ஒரு செங்கல்.

"எதுக்கு அண்ணி?" என்றாள் பஞ்சவர்ணம்.

"எதுக்கா? என் தம்பியே போயிட்டான். இன்னும் யாருக்குக் காட்ட வளையலு? எனக்கும் இப்படித்தான் உடைச்சாங்க. நான் வாயத் திறந்தேனா?"

தன் கையில் விழுந்த அடியைப் பிறர் கைக்குக் கடத்துவதற்குப் பெயர் மரபாம். பஞ்சவர்ணம் தன் நீலக் கண்ணாடி வளையல்களைப் பார்த்தாள். ஐந்து வயதில் அவளுடைய அம்மா போட்டுவிட்ட பழக்கம் அது. அழகர்சாமி என்றொரு மனிதன் உலகில் இருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது. அவன் கொடுக்காததை அவன் சாவு எப்படித் திரும்பக் கேட்கும்?

அவன் கேட்டிருக்கவே மாட்டான். அவளைவிட நன்றாக அதை அறிந்தவர் யாருமில்லை.

அழகர்சாமி வேலை நாட்களில் மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தான். விடுமுறை நாட்களில் பூமியை அழித்தான். ஜாலான் புசார் கடைகளில் பழைய கார்ச் சக்கர மூடிகளை வாங்கி, இரண்டிரண்டாக ஒட்டி, பறக்கும் தட்டு செய்தான். காலணிப் பெட்டிகளில் சன்னல் வெட்டி சுவா சூ காங் நகரையே எழுப்பினான். தூண்டில் நரம்பில் தட்டுகளை இறக்கி, அடியில் மத்தாப்பைக் கொளுத்தி, அந்த நகரைத் தான் எடுத்த ஒவ்வொரு குறும்படத்திலும் சாம்பலாக்கினான். சாம்பலைக் கூட்டி அள்ளியவள் பஞ்சவர்ணம். படையெடுத்து வந்த பச்சை ஜந்துவும் அவளேதான். ரப்பர் உடைக்குள் நுழையுமளவு ஒல்லியாகவும், சம்பளம் கேட்காதவளாகவும் வேறு யார் கிடைப்பார்கள்?

முதல் படத்தைச் சமூக மன்றத்தில் திரையிட்டார்கள். ஜந்து மூன்று விரல் கையை உயர்த்தியபோது, ரப்பருக்குள்ளிருந்து கலகலவென்று வளையல் சத்தம் வந்தது. சங்கத் தலைவர் சிதம்பரம் முன்வரிசையிலிருந்து உரக்கக் கேட்டார்: "ஏன் அழகர், உங்க ஏலியனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா லா? மேல தூண்டில் நரம்பு வேற தெரியுது." மன்றமே சிரித்தது. பள்ளிப் பிள்ளையாயிருந்த மகன் ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று குனிந்த தலை இன்றுவரை நிமிரவில்லை.

அடுத்த படத்துக்கு வளையலைக் கழற்றிவிடட்டுமா என்று அவள்தான் கேட்டாள். அழகர்சாமி ஜந்துவின் கண்ணுக்குப் பிங்பாங் பந்து ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கழட்டாத. அந்தக் கிரகத்துல எல்லாரும் வளையல் போடுவாங்கன்னு வச்சுக்குவோம்."

அதற்குப் பிறகு வந்த எல்லாப் படங்களிலும் வேற்றுக்கிரகவாசி வளையலோடுதான் இறங்கியது. சத்தத்தை அவன் வேண்டுமென்றே கூட்டி வைத்தான்.

இன்று காலை அதே சிதம்பரம் மாலையோடு வந்து, 'பொறியியல் துறையில் அரும்பணியாற்றிய அமரர்' என்று முழங்கினார். படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தூண்டில் நரம்பைக் கண்டுபிடித்த அந்தக் கூர்மையான கண்களுக்கு, ஐந்தடி தூரத்தில் ஒரு பெண்ணின் கை முறுக்கப்படுவது மட்டும் தெரியவில்லை.

அழகர்சாமியின் தந்திரத்தில் நரம்பு தெரிந்தது. அவன் அதை மறைக்கவுமில்லை, யாரையும் நம்பச் சொல்லவுமில்லை. இதோ இவர்கள் நடத்தும் காட்சியைப் பாருங்கள். ஒரு தாம்பாளம், ஒரு செங்கல், ஒரு பெண்ணின் கை. இவ்வளவு மலிவான தந்திரத்தை அவனுடைய எந்தப் படத்திலும் காணமுடியாது. இதைக் கண்டு மட்டும் ஒருவரும் சிரிப்பதில்லை.

"விடுங்க அண்ணி, ஒரு நிமிஷம்" என்று பஞ்சவர்ணம் கையை உருவிக்கொண்டாள்.

தூணருகே ஒரு கறுப்புக் குப்பைப் பை கிடந்தது. 'சாவு வீட்டுல பேய் மூஞ்சி எதுக்கு' என்று மங்களம் காலையில் வீட்டிலிருந்து அள்ளி வந்து போட்டது. பையின் வாயில் ஒரு பச்சை விரல் துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த படத்துக்கென்று போன மாதம்தான் அழகர்சாமி வார்த்த கைகள். ரப்பர் வாடைகூட இன்னும் போகவில்லை. பஞ்சவர்ணம் குனிந்து எடுத்தாள். வலது கையை நுழைத்தாள். பிறகு இடது கையை. முழங்கைவரை ஏறி, அங்கே தோலோடு தோலாக இறுகிக்கொண்டது.

நாற்காலிக் கூட்டம் அப்போதுதான் கைப்பேசியிலிருந்து முகத்தை உயர்த்தியது.

"என்னடி கூத்து இது? புத்தி கெட்டுப்போச்சா?" மங்களம் பச்சை விரலைப் பிடித்து இழுத்தாள். விரல் நீண்டது, கை வரவில்லை.

"பவுடர் போடாம மாட்டிட்டாங்க. இனிமே லேசுல வராது" என்றார் பின்வரிசையிலிருந்த ஜலாலுதீன். எல்லாப் படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்தவர்.

"அப்ப கத்தரிக்கோல் கொண்டாங்க" என்றார் சிதம்பரம்.

"வேணாம், தலைவரே. ரப்பரோட கையும் சேர்ந்து அறுபடும். ஹெர்ஸுக்குப் பதிலா ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்" என்றார் ஜலாலுதீன்.

மங்களம் அடங்கவில்லை. வளையல் இல்லாவிட்டால் பொட்டையாவது அழிப்பது என்று கட்டைவிரலைப் பஞ்சவர்ணத்தின் நெற்றியை நோக்கி நீட்டினாள். பச்சைக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அந்தப் பேய் மூஞ்சி நான்தான் அண்ணி" என்றாள் பஞ்சவர்ணம், குரல் உயர்த்தாமல். "எல்லாப் படத்துலயும் நான்தான். அவரு ஒரு தடவகூட இந்த வளையலக் கழட்டச் சொன்னதில்ல. நீங்க சொல்லாதீங்க."

மங்களம் ரஞ்சனைப் பார்த்தாள். "உங்கம்மாகிட்ட சொல்லுடா."

ரஞ்சன் வாசலைப் பார்த்தான். வண்டி வந்து நின்றிருந்தது. "விடுங்க அத்தை. எல்லாரும் பாக்கறாங்க. டைம் ஆச்சு, தகனத்துக்கு வாங்கின ஸ்லாட் போயிடும்."

பிள்ளைக்குத் துணிச்சல் பிறந்துவிட்டதென்று நினைத்து மகிழாதீர்கள். அவமானம் சீக்கிரம் முடியவேண்டும் என்ற அவசரம்தான் அது. அந்தக் கோழைத்தனமாவது ஒரு முறை பயன்பட்டது.

வாய்க்கரிசித் தட்டு வந்தது. மூன்று விரலில் அரிசி நிற்கவில்லை, சிந்தியது. பஞ்சவர்ணம் மறுபடியும் அள்ளினாள். இந்த முறை அது அவனுடைய உதடுவரை போய்ச் சேர்ந்தது. கை தாழ்ந்தபோது, ரப்பருக்குள்ளிருந்து வளையல்கள் கலகலத்தன. கீழ்த்தளம் முழுவதும் கேட்டது. பழக்கத்தில் ஜலாலுதீனின் கை உயர்ந்தது. காட்சி முடிந்ததும் சொல்லும் 'கட்' என்ற சொல்லைச் சொல்லாமலே கையை இறக்கிக்கொண்டார்.

மூடியைப் பொருத்தினார்கள். தாம்பாளத்தில் செங்கல் அப்படியே இருந்தது.

பார்த்தீர்கள் அல்லவா? எல்லாப் பெண்களுக்கும் ஒரு ரப்பர் கை கிடைத்துவிடாது. அடுத்த சாவு வீட்டில் தாம்பாளம் வரும்போது நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். போய் அந்தச் செங்கலைத் தூக்கி வெளியே வையுங்கள்.