முன்பக்கம் விழுந்த அடி

என் அண்ணன் கிளிஃப்டன் டிரேயருக்கு ஆங்கிலேயன் செய்த கார் என்றால் கண்மண் தெரியாது. சான் பெட்ரோ துறைமுகத்துக்குக் கப்பல் வந்துவிட்டது என்று போன் வந்தால், பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பனைப்போலப் போய் நிற்பான். இரண்டே இருக்கை, கூரை என்ற பெயரில் ஒரு துணி, மழை வந்தால் மடியில் ஒழுகும். அதற்குத்தான் எங்கள் ஊர் சாண்டா மோனிகாவின் வக்கீல்களும் டாக்டர்களும் யானை விலை குதிரை விலை கொடுத்தார்கள். விற்கிற நானே சிரித்துக்கொள்வேன்.

எங்கள் கடையில் ஒரு சடங்கு உண்டு. இந்தக் கார்களின் கம்பிச் சக்கரத்தை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கும். அதற்கு இரண்டு காது. வண்டியை எடுத்துப் போகும் நாளில், வாங்கியவர் செம்புச் சுத்தியலால் நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு தட்டுத் தட்ட வேண்டும். மேலே நிற்கும் காதைக் காரின் பின்பக்கமாக அடித்தால் இறுகும், முன்பக்கமாக அடித்தால் கழலும். இடது பக்கமும் வலது பக்கமும் மரையை எதிரெதிராக வெட்டியிருப்பார்கள். வண்டி ஓட ஓட நட்டு தானே இறுகிக்கொள்ளும்.

டாக்டர் ஹால்வர்சன் பல் மருத்துவர், மலையேற்றக் கார் கிளப்பின் செயலாளர். அவர் மனம் குளிர்ந்தால் கிளப் முழுவதும் எங்களிடம் வரும். கோணினால் அடுத்த தெருக்காரனிடம் போகும். அவருடைய சிவப்புக் காரோ கப்பல் தளத்தில் உப்புத் தண்ணீர் குடித்து வந்திருந்தது. பின்சக்கரங்களைத் தாங்கும், நட்டு ஏறும் மரை வெட்டிய குடங்கள் இரண்டிலும் துரு. எங்கள் மெக்கானிக் பசேகோ காய்ச்சலில் படுத்திருந்தான். கிளிஃப் தானே அந்தக் குடங்களைக் கழற்றி, கண்ணாடியாகத் தேய்த்து, திரும்ப மாட்டினான்.

சனிக்கிழமை காலை கடலிலிருந்து வந்த பனி இன்னும் விலகவில்லை. எனக்கு மனசே சரியில்லை.

"பசேகோ ஓட்டிப் பாக்காம ஒரு வண்டியும் வெளிய போனதில்ல கிளிஃப்."

"பசேகோ நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே நான் ஸ்பேனர் புடிச்சவன். நீ போய் காபி போடு."

"காபி போட்டு ஆறியும் போச்சு. உன் புத்தி மாதிரி."

"உனக்கு மரை கழண்டுபோச்சு வெர்னா. மல ஏறக் கூடவே நான்தானே போறேன், அப்புறமென்ன?"

கிளப்காரர்கள் தட்டைத் தொப்பியும் தோல் கையுறையுமாக வந்து வளைத்து நின்றார்கள். டாக்டர் சுத்தியலை வாங்கினார். முன்சக்கரங்கள் இரண்டும் ஒழுங்காக வாங்கிக்கொண்டன. பின்சக்கரத்துக்கு வந்து, அதேபோலப் பின்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினார். நட்டு தளர்ந்து சுழன்றது.

"என்ன டிரேயர், உங்க கார் என்னைப் பாத்து வாயத் தொறக்குது?" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

என் அண்ணனின் முகம் செத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிவிட்டது. இடது குடத்தை வலதிலும் வலது குடத்தை இடதிலும், நட்டோடு சேர்த்து, மாற்றி மாட்டிவிட்டான். இனி ஓட ஓட அந்த நட்டுகள் தானாகவே கழலும். கிளப் முன்னால் அதை ஒப்புக்கொள்வதைவிட அவன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவான் என்பதும் எனக்குத் தெரியும்.

"பல் டாக்டரப் பாத்தா வாயத் தொறக்காம எப்படி?" என்று சிரித்தபடி சுத்தியலைப் பிடுங்கி, இரண்டு பின்சக்கரத்தையும் முன்பக்கமாக ஓங்கி அடித்து இறுக்கினான். கூட்டம் கைதட்டிவிட்டு, மலையுச்சியில் காத்திருப்பதாகச் சொல்லித் தங்கள் கார்களில் முன்னால் கிளம்பியது. டாக்டர் இடது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவன் வலது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். சுத்தியலைத் திருப்பித் தரவில்லை, மடியில் வைத்துக்கொண்டான்.

"கிளிஃப், எறங்கு!" என்று கத்தினேன். எஞ்சின் உறுமியது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டி நிறுத்தச் சொன்னேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து டாக்டரும் கையாட்டினார். அண்ணன் மட்டும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

கடை லாரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அது கிழட்டுக் கழுதை, மேடு கண்டால் மூச்சு வாங்கும். கடற்கரைச் சாலை முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே போனேன். பிறகு திட்டை விட்டுவிட்டு வேண்டிக்கொண்டே போனேன்.

மலைப்பாதை தொடங்கும் இடத்துப் பெட்ரோல் பங்கில் நிறுத்திக் கேட்டேன். அங்கிருந்தவர் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"செவப்பு வண்டிதானேம்மா? இப்பத்தான் போச்சு. பின்னாடி டிக் டிக்னு ஒரு சத்தம். ஒருத்தர் எறங்கி ரெண்டு பக்கமும் ஓங்கித் தட்டினாரு. என்னய்யான்னு கேட்டேன், புது வண்டி, கொஞ்சம் பேசும்னு சொன்னாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு. ஆனா வேர்த்து ஊத்துச்சும்மா."

மேலே பனி இன்னும் அடர்த்தியாக இருந்தது. வலது பக்கம் பள்ளம், அடியில் கடல் சத்தம். ஒவ்வொரு வளைவிலும், ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அவன் நிற்பான், என்னைக் கண்டதும் "உன்ன யாரு வரச்சொன்னா?" என்று சீறுவான் என்று பார்த்தேன். யாரும் நிற்கவில்லை.

அப்போது எதிரே, பனிக்குள்ளிருந்து ஒரு சக்கரம் தனியாக வந்தது. அவசரமே இல்லாமல், சாலையின் நடுவில் நேராக உருண்டு இறங்கி வந்தது. கம்பிகள் பளபளத்தன. லாரியை ஒட்டி என்னைக் கடந்து கீழே போனது.

அடுத்த வளைவில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சிவப்புக் கார் வலது பக்கம் சாய்ந்து, வேலிக்கம்பத்தை முறித்துக்கொண்டு பாதி பள்ளத்தின்மேல் நின்றது. வலது இருக்கை காலியாக இருந்தது.

"நிறுத்தட்டுமான்னு கேட்டேன்மா," என்றார் டாக்டர். "வேணாம், மேல கிளப் மொத்தமும் காத்திருக்கும், இன்னும் ஒரு வளைவுதான்னாரு."

செம்புச் சுத்தியல் சாலையில் கிடந்தது. நான் அதைத் தாண்டி விளிம்புக்குப் போய், "கிளிஃப்!" என்று கத்தினேன். உன்னை யார் வரச்சொன்னது என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவன் என்னைத் திட்டியிருக்கலாம். கடல்தான் கேட்டது.