நினைவு மூலையில் காப்பிப்பொடி

நகர மையத்துப் பழைய சந்தை எரிந்து இரண்டு வருடம். இன்று புதுச் சந்தைக்குத் திறப்பு விழா. சந்தை என்று சொன்னால் திட்ட ஆலோசகர் ஸ்ரீநிவாஸுக்கு முகம் சுளிக்கும். ‘நகர அனுபவ மையம்’ என்று சொல்ல வேண்டும்.

வாசுகி எப்படி வேண்டுமானாலும் சொல்லத் தயார். அவளுக்கு வேண்டியது எட்டுக்கு ஆறடி இடம். இருபது வருடம் காப்பிப்பொடி அரைத்து விற்ற இடம். லைசென்ஸும் கடையோடு எரிந்துபோனதால், கடை எங்கே இருந்தது என்று நிரூபிக்கச் சொன்னார்கள். இடிபாட்டுக்குள் புகுந்து, மெஷினின் போல்ட் இறங்கிய நான்கு ஓட்டைகளையும் கருகிய சுவரையும் காட்டினாள். இந்த வங்காள ஊரில் ஸ்ரீநிவாஸ் கும்பகோணத்துப் பையன், நம்ம மனுஷன் என்று ஒரு நம்பிக்கை வேறு. அவன் முட்டி போட்டுப் படமெடுத்தான். “சூப்பர் ஆன்ட்டி! என்ன ஒரு கருப்பு!”

இப்போது புது மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவள் இடத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு. மேலே பித்தளைப் பலகை: ‘நினைவு மூலை’. உள்ளே, டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோக்களில் செட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர் ஒருவர், புத்தம்புதுச் சுவருக்குக் கரி பூசிக்கொண்டிருந்தார்.

“பழைய சுவர் எங்க?”

“டேஞ்சர்னு இடிச்சுட்டோம் ஆன்ட்டி. கவலைப்படாதீங்க, உங்க கருப்பை போட்டோ பார்த்து அப்படியே கொண்டுவந்துட்டோம். நீங்க அவ்ளோ கரெக்டா காட்டினதாலதான் கமிட்டி இந்த இடத்தையே செலக்ட் பண்ணுச்சு.”

“அப்ப என் கடை?”

“மூணாவது கட்டத்துல.”

“ரெண்டாவது எப்போ?”

“அது இன்னும் முதல் கட்டத்துலயே இருக்கு.”

பெயிண்டர் வங்காள மொழியில், அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்: “தீதி, கரி இவ்வளவு உயரம் போதுமா?”

 

“போதும் தாதா. மிச்சத்தை இவர் மூஞ்சியில பூசுங்க” என்றாள் அவளும், அண்ணன் முறை சொல்லி, வங்காள மொழியிலேயே. பெயிண்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பாஷை புரியாத ஸ்ரீநிவாஸ், பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினான்.

வேன்காரர்களைக் கூப்பிட்டு மெஷினைக் கண்ணாடிக்கு உள்ளே இறக்கச் சொன்னாள். ஸ்ரீநிவாஸின் கண் விரிந்தது. “ஐயோ, இது ஒண்ணுதான் இங்க குறையா இருந்துச்சு! வைங்க ஆன்ட்டி. ஆன் மட்டும் பண்ணிடாதீங்க.”

கரியை எடுத்துக்காட்ட ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் செருகினாள். காப்பிக்கொட்டையை அள்ளிப் போட்டாள். ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர், மூக்கு போன வழியே நேராக அங்கே வந்து நின்றார். ஸ்ரீநிவாஸ் வியர்வையைத் துடைத்தபடி அவர் காதில், “லைவ் ஆர்ட் இன்ஸ்டலேஷன் சார்” என்றான். கூட்டம் கைதட்டியது.

வாசுகி பையிலிருந்து தராசை எடுத்து அந்தப் பெரிய மனிதர் முன்னால் வைத்தாள்.

“எத்தனை கிராம் போடட்டும், தாதா?”